மப்ளர் போட்ட ஆள்

கடைக்குள் மூடுபனி எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

கட்டப்பனையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சுவர் முழுக்க டிவிகள். ஒன்றில் மீன் நீந்திக்கொண்டிருந்தது, இன்னொன்றில் பூ விரிந்துகொண்டிருந்தது. எதிலும் சத்தமில்லை. கொஞ்ச நேரம் நின்றால் தூக்கம் வந்துவிடும்.

நாங்கள் வந்தது டிவி வாங்க அல்ல. அது போன வாரமே வீட்டுக்கு வந்துவிட்டது. எச்.டி. டிவி. சுவரில் மாட்டிய பிறகுதான், பழைய பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களைச் செருக அதில் இடமே இல்லை என்பது தெரிந்தது. என் வீட்டுக்காரர் சுருளிவேல், மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல அதன் முதுகைத் தடவித் தடவிப் பார்த்து ஓய்ந்துபோனார்.

அவருக்கு ஒரு கன்வெர்ட்டர் பெட்டி போதும். எனக்குப் போதாது.

"நிறுத்தி நிறுத்திப் பாக்கணும். பெருசாக்கியும் பாக்கணும். அந்த மாதிரி பிளேயர் இருக்கா?" என்று கேட்டேன்.

கடையில் நின்ற பின்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இப்போ டிஸ்க் ஆரும் போடறதில்ல சேச்சி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், தூசி படிந்த இரண்டு பெட்டிகளைத் தூக்கி வந்தாள்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் கல்யாணத்துக்கு அப்பா வந்தாரா, இல்லையா?

ஜீப் ஓட்டுகிறவனைக் கட்டுவேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றபோது, "உன்னத் தலைமுழுகிட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டன்மேட்டில் ஏலக்காட்டு வேலைக்குப் போனவர் அவர். மாப்பிள்ளை வீட்டார் போடியில் மண்டபம் பிடித்துக் கல்யாணத்தை நடத்தினார்கள். பேத்தி பிறந்ததும் அப்பாவின் கோபம் கரைந்தது. வருவார், போவார். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும், "நான் எதுக்கு வாரேன்" என்று எழுந்துவிடுவார். போன ஆடியில் அவரும் கண்ணை மூடிவிட்டார். இனி யாரைக் கேட்பது?

கல்யாண டிஸ்க்கைத்தான் கேட்க வேண்டும்.

அதில் பந்தி வரும் இடத்தில் கடைசி இலைக்கு முன்னால் ஒரு ஆள். தலையைச் சுற்றி மப்ளர். போடியின் சித்திரை வெயிலில் மப்ளர் போடுகிறவர் மலையிலிருந்து இறங்கியவராகத்தான் இருக்க வேண்டும். அல்லது முகத்தை மறைக்க வேண்டியவராக இருக்க வேண்டும்.

"ஓசிச் சோத்துக்கு வந்த எவனாவது இருப்பான். உங்கப்பாராவது வாரதாவது" என்பார் சுருளிவேல். அவருக்கும் அதில் வருத்தம் உண்டு. காட்டிக்கொள்ளமாட்டார்.

பின்சி மீன் நீந்திய பெரிய டிவியில் எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகி, நான் கொண்டுவந்த டிஸ்க்கைப் போட்டாள். மீன்கள் போய் நான் வந்தேன்.

ஸ்டூடியோக்காரர் கைவரிசை. பனி கொட்டுகிறது, தாமரை விரிகிறது, அதற்குள்ளிருந்து நானும் சுருளிவேலும் மெல்ல எழுந்து மேகத்தில் மிதக்கிறோம். சேலை கட்டிக்கொண்டு நிலாவைச் சுற்றுகிறேன். கடையின் மூடுபனியும் சேர்ந்துகொண்டது. உள்ளே எது, வெளியே எது என்று எனக்கே குழம்பியது. எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறேன்!

பந்தி வந்தது. கேமராவைக் கண்டதும் ஒவ்வொருவராக வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மப்ளர் வந்தது.

"நிறுத்து, நிறுத்து."

பின்சி நிறுத்தினாள். பெரிதாக்கினாள். முகம் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகப் பழுப்பு நிறம். இன்னும் பெரிதாக்கினாள். அதுவும் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பெரிய டிவி இதற்குத்தானா?

"பழைய டிஸ்க்தானே சேச்சி, இவ்ளோதான் தெளியும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, ரிமோட்டில் வேறொரு பட்டனை அழுத்தினாள். "பழைய டிவி படத்தோட ஓரம் எல்லாம் வெட்டிக் களையும். இப்போ முழுசா வரும். பாருங்க."

படம் கொஞ்சம் சுருங்கியது. நாலு ஓரத்திலும் இதுவரை நான் பார்க்காதவை வந்து சேர்ந்தன. யாரோ ஒருத்தியின் வளையல் கை. ஒரு சாம்பார் வாளி. மேஜைக்கடியில் ஒளிந்திருந்த ஒரு குழந்தை. இத்தனை வருஷம் கழித்து என் கல்யாணம் இன்னும் கொஞ்சம் நடந்ததுபோல இருந்தது.

கீழோரத்தில் மப்ளர்காரரின் இலை முழுசாகத் தெரிந்தது.

"மெதுவா விடும்மா."

படம் நீருக்கடியில் நகர்வதுபோல நகர்ந்தது. அவர் முகம் கேமராவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. கை திரும்பவில்லை. அந்த இடது கை, மேஜையில் விரித்திருந்த வெள்ளைத்தாளில் ஒரு ஓரத்தைக் கிழித்தது. இலையிலிருந்த லட்டை அதில் வைத்து மடித்தது. சட்டைப் பையில் போட்டு, மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டது.

சுருளிவேல் டிவிக்கு இன்னும் கிட்டே போய் நின்றார்.

"இந்த பிளேயர் போதுமா சேச்சி?" என்று பின்சி கேட்டாள்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அப்பா தன் இலையில் விழுந்த இனிப்பைத் தின்றதில்லை. தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து என் கையில்தான் தருவார்.

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் இல்லை. நான் அதே மண்டபத்தின் மேல்மாடியில், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தேன்.