ஞாயிற்றுக்கிழமை நாரங்கல

மழை விட்டிருக்கும் பிற்பகல். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து அறைக்குள் வெளிச்சம் கழுவிய பீங்கான்போல வெளுத்துக் கிடக்கிறது. கட்டிலில் கிருஷ்ணராஜும், பதுளை டவுனிலிருந்து வந்திருக்கும் வேன்காரர் றில்வானும் ஒரே போனுக்குள் தலையைக் கவிழ்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நாரங்கல மலை ஏறுவதாகத் திட்டம். "உச்சியில நின்னா ஒங்க தோட்டமே கைக்குட்டை மாதிரி தெரியும்," என்கிறார் றில்வான். "அந்தக் கைக்குட்டையிலதான் நாங்க குடித்தனம் பண்றோம்," என்று சிரிக்கிறான் கிருஷ்ணராஜ். சின்ன மகள் புதுச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு கட்டிலைச் சுற்றி நடந்து பழகுகிறாள். கிருஷ்ணராஜின் மனைவி நிஷாந்தினிக்கு மட்டும் அந்தச் சிரிப்பு எங்கோ தூரத்தில் கேட்கிறது. மலைப் பக்கத்துச் சுவரில் விழுந்த வெடிப்பின் மேல், மண் நகர்கிறதா என்று பார்க்க, லயத்தில் எல்லோரும் செய்வதுபோல அவளும் காகிதம் ஒட்டிவைத்திருக்கிறாள். காலையில் முழுசாக இருந்த காகிதம் இப்போது குறுக்கே கிழிந்திருக்கிறது. கிழிசலில் விரலை வைக்கிறாள். குளிர்ந்த காற்று விரலை நக்குகிறது. போன தடவையும் இவள் பயந்துதான் பயணம் நின்றது. அதனால் நாக்கு ஒரு கணம் தயங்குகிறது.

"என்னாங்க, சுவர் வெடிப்பு விடுது. இப்பவே வெளிய போவோம்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுக்க மாட்டியா புள்ள?" பாதி மட்டும் காதில் வாங்கி, போனிலிருந்து தலை தூக்காமலே கேட்கிறான் கிருஷ்ணராஜ்.

"தங்கச்சிக்கு நம்மளவிட அவசரம்," என்கிறார் றில்வான்.

அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவை இழுக்கிறாள். சற்றுமுன் றில்வான் விரலால் தள்ளித் திறந்த கதவு, கோணிப்போன நிலைச்சட்டத்தோடு இறுகி அசையாமல் நிற்கிறது. மறுபடியும் இழுக்கிறாள். கட்டிலில் சிரிப்பு பாதியில் நிற்கிறது.