முங்கிய இடம்

மாமாவின் கேமராவை இரவல் வாங்கி, ஒரு ஃபிலிம் ரோல் முழுக்க ஆற்றையே எடுத்தேன். பெரிய கலைஞன் என்று நினைப்பு. "என்னையும் ஒண்ணு எடுண்ணே" என்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கெஞ்சிய தம்பி மாசிலாமணியிடம், "படத்தைக் கெடுக்காதடா, மறைஞ்சுக்கோ" என்றேன். உடனே முங்கிக்கொண்டான். அடுத்த மாதம் காய்ச்சலில் போய்விட்டான். மாலை போட வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லை. நான் எடுத்ததில் எல்லாம் ஆறு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தரையில் கொட்டிவிடும்போல் இருந்தது. ஒன்றில் மட்டும் தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்திருந்தது. நான் மறையச் சொன்னதும் அவன் முங்கிய இடம் அதுதான் என்று அம்மாவிடம் சொன்னேன். அதையே சட்டம் போட்டு மாட்டினாள். பூ வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "எடுத்து முடிச்சாச்சுன்னு அவன்கிட்ட சொன்னியாடா?"