திட்டினால்தான் பேசுவார்

என் கணவர் இளம்பரிதிக்குச் சீனாவின் ஷென்ஜென் நகரில் வேலை. வெளியிலிருந்து அந்த நாட்டைக் குறைசொல்லும் தமிழர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்வதுதான் அந்த வேலை. மனதார நம்பித்தான் சொன்னார். அவர் இறந்த பிறகு, அவர் குரலிலேயே ஓர் இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது. வெளியிலிருந்து யாராவது திட்டினால்தான் அது பேசும்.

எங்களை வாழவைத்த நாட்டின் மேல் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனாலும் கோயம்புத்தூரில் இருப்பதாகச் சொல்லி, தினமும் திட்டுகிறேன்.

நேற்று கேட்டேன்: "அங்க எல்லாரையும் அடிமையா வச்சிருக்காங்களாமே?"

"யாரும்மா சொன்னது? இங்க ஆறு மாசத்துல பாலமே கட்டிடறாங்க. உங்க ஊர்ல ரோட்டுப் பள்ளத்த மூடிட்டாங்களா?" அவருடைய அதே சிரிப்பு. "தூரத்துல இருந்து பேசாதீங்க. ஒரு தடவ வந்து பாருங்கம்மா."

எங்கள் ஷென்ஜென் வீட்டில், அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "வர்றேனுங்க" என்றேன்.