ஐந்து நட்சத்திர சீட்

"சாவியைக் குடு. விளையாடறதுக்கு இதுவா நேரம்?"

அக்காவின் கணவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். தங்கை கார்ச் சாவியை உள்ளங்கையில் இறுக்கியபடி, பின்கதவில் சாய்ந்து நின்றாள். கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பார்க்கிற யாருக்கும் இது பொறாமை என்றுதான் தோன்றும்.

அக்காவுக்குத் தோன்றியே விட்டது. இடுப்பில் கைக்குழந்தை, தோளில் பெரிய பை, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய கல்யாணம். "நாங்க ஒரு பொருள் வாங்கினா உனக்கு ஏன்டி இப்படி வயிறு எரியுது?" என்றாள்.

"கல்யாணத்துக்குப் போங்க, வேண்டாங்கல. குட்டியை நீ மடியில வேணும்னாலும் வெச்சுக்கோ, பஸ்ஸுல வேணும்னாலும் கூட்டிட்டுப் போ. அந்த சீட்டுல மட்டும் உக்கார வைக்காதே."

காரின் பின்னால் குழந்தைக்கென்று பொருத்தியிருந்த சீட்டைத்தான் சொன்னாள். காலையில்தான் பார்சலில் வந்திருந்தது. பெட்டியைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அவள் முகம் சரியில்லை.

அக்காவின் கணவருக்கு உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. டீசல் கார் எப்போது ஒழியும், பேட்டரி கார் ஏன் தீப்பிடிக்கிறது, பெட்ரோல் விலையை ஏற்றுவது யார் என்று கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார். டிவி செய்தியைத் திட்டுவதற்காகவே தவறாமல் பார்ப்பார்.

"இந்தக் காலத்துல யாரும்மா உண்மை பேசறான்? நியூஸ்காரன் காசு வாங்கிட்டுப் பேசறான். விளம்பரத்துல ஒரு நடிகர் கார் ஓட்டறாரு, அவர் வீட்டு வாசல்ல வேற கார் நிக்குது. அதான் நான் யாரையும் நம்பறதில்ல. வாங்கி யூஸ் பண்ண சாதாரண ஜனங்க என்ன எழுதறாங்களோ, அதை மட்டும்தான் நம்புவேன்."

போனை எடுத்துத் தேய்த்தார். அந்த சீட்டை வாங்கியவர்கள் எழுதியிருந்த பக்கம் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் வந்து நின்றது. அத்தனை தடவை படித்திருக்கிறார்.

"இதைக் கேளு. ரெட்டைப் பிள்ளைங்களோட அம்மா ஒருத்தங்க எழுதியிருக்காங்க. அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார். நல்ல மழையில கார் போயிட்டிருக்கு, திடீர்னு குறுக்க ஒரு வண்டி..."

"தண்ணி லாரி," என்றாள் தங்கை, தரையைப் பார்த்துக்கொண்டே.

"ஆங், தண்ணி லாரி! பாத்தியா, நீயே படிச்சிருக்கே. சடன் பிரேக் போட்டாங்களாம். ரெண்டு பிள்ளைங்களுக்கும் தூக்கங்கூடக் கலையலையாம்." அவர் திரும்பிக் குட்டியின் கன்னத்தைத் தட்டினார். வாய்தான் நீளமே தவிர, குட்டி என்றால் உருகிப்போகிற மனுஷன். "பெத்தவ ஒருத்தி இவ்வளவு சொல்றா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அதெல்லாம் நம்பாதீங்க மாமா."

"உனக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?"

நியாயமான கேள்விதான். அவளுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடத் தெரியாது. இவர்கள் வீட்டு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாளெல்லாம் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பாள். கம்பெனிகளுக்கு ஏதோ எழுதித் தருகிற வேலையாம். என்ன வேலை என்று இருவரும் விசாரித்துப் பார்த்து, புரியாமல் விட்டுவிட்டார்கள்.

அவர் அவளை விலக்கிப் பின்கதவைத் திறந்து, சீட்டின் பெல்ட்டை மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பெல்ட் அசையவில்லை. "பாரு! எங்கே கெட்டுப்போச்சு?"

"நல்ல சீட்டா கெட்ட சீட்டான்னு எனக்குத் தெரியாது மாமா."

"தெரியாதுல்ல? அப்புறம் எதுக்கு வழியை மறிக்கறே?"

"தெரியாததாலதான் பயமா இருக்கு."

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்குன்னு ஒரு கல்யாணம் ஆகி, ஒரு பிள்ளை பொறந்தா அப்பத் தெரியும், பிள்ளைக்கு எது நல்லதுன்னு." சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதானே.

தங்கையின் கை தளர்ந்தது. அவர் சாவியை வாங்கிக்கொண்டார். குட்டியை சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினார்கள். புது இடம் பிடித்துப்போய், அது காலை உதைத்துச் சிரித்தது. அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்காமல் முன்னால் ஏறிக்கொண்டாள்.

கார் கிளம்பியது. நாலடிகூட நகர்ந்திருக்காது, தங்கை ஓடிப்போய் முன்னால் நின்று பானெட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றிவிட்டாள். அவர் ஹாரனை அழுத்தினார். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் நகரவில்லை.

அவள் வாயைத் திறந்தால் இந்த வீட்டில் இனிமேல் தலைநிமிர்ந்து நடமாட முடியாது. திறக்காவிட்டால் காலை உதைத்துச் சிரிக்கிற குட்டி அந்த சீட்டிலேயே நெடுஞ்சாலைக்குப் போய்விடும்.

அவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"கடைசியாக் கேக்கறேன். ரெண்டு பிள்ளை பெத்தவ, அனுபவத்துல எழுதியிருக்கா. அவளை நம்பச் சொல்றியா, உன்னை நம்பச் சொல்றியா?"

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அந்த ரெட்டைப் பிள்ளைங்களோட அம்மா நான்தான் மாமா."