கருவாட்டுக் கேஸ்

"யுவர் ஆனர், கருவாடு வறுத்ததுக்கு ஒரு கேஸ்! சுவத்துல ஆணி அடிச்சதுக்கு ஒரு கேஸ்! கூலர் தண்ணி கீழே சொட்டினதுக்கு ஒரு கேஸ்! ஒண்ணு தள்ளுபடியானா மறுநாளே அடுத்தது. இவருக்கு வேற வேலையே இல்லையா?"

கோர்ட்டே சிரித்தது. சுபாஷிணிக்கு உற்சாகம் தலைக்கேறியது. இருக்காதா பின்னே? கறுப்புக் கோட்டு மாட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இலவச சட்ட உதவியில் கிடைத்த முதல் கேஸ். அதிலேயே இப்படி ஒரு வில்லன்!

வில்லன் பெயர் வேதாந்தம். மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிடையரானவர். டில்லி ஜங்புராவில் சொந்த வீடு. மொட்டைமாடி ஒற்றை அறையில் குடியிருக்கும் குணாவைத்தான் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறார்.

குணா யாழ்ப்பாணத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர். அடைக்கலம் கேட்டு மூன்று முறை மனுப் போட்டார். மூன்றும் தள்ளுபடி. இதே மனுவோடு இனி வரவே கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஏற்கெனவே நொந்துபோன மனுஷனைப் போய்... சே!

"மேடம், வாய்தா மட்டும் கேளுங்கோ. எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்," என்று காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தார் குணா.

"அரே, எதுக்குப் பயப்படறீங்க? இன்னியோட அவர் கொட்டத்தை அடக்கறேன் பாருங்க!"

அடக்கியும் விட்டாள்.

"அது மட்டுமில்லை, யுவர் ஆனர். கேஸ் முடியற வரைக்கும் என் கட்சிக்காரர் டில்லியை விட்டுப் போகக் கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் தடை உத்தரவு வேற வாங்கிடறார். என்ன அநியாயம் இது!"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் வேதாந்தம், கோர்ட் என்ன உங்கள் வீட்டு வராந்தாவா? கேஸ் தள்ளுபடி. தடையும் ரத்து. இனி அனுமதி இல்லாமல் இவர்மேல் நீங்கள் ஒரு கேஸும் போடக் கூடாது!"

ஜெயித்துவிட்டாள்! துள்ளிக்கொண்டு வெளியே வந்தவள், "ஸ்வீட் எங்கே சார்?" என்று குணாவைத் தேடினாள்.

குணா தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் தோளை அணைத்தபடி பக்கத்திலேயே வேதாந்தம்!

"இன்னுமா சார் அவரை விட மாட்டீங்க?" என்று பாய்ந்தாள் சுபாஷிணி.

"கத்தாதேம்மா. நீ நன்னாத்தான் வாதாடினே." என்றார் வேதாந்தம். "கேஸ் நடக்கற வரைக்கும் இவனை டில்லியை விட்டு யாரும் கொண்டுபோக முடியாது. போலீஸ்கூட. அதுக்குத்தாம்மா போட்டேன். இனிமே நான் போட முடியாதே!"

சுபாஷிணி அவர்கள் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள். "என்கிட்ட முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சும்மா போட்ட கேஸ் எண்டு தெரிஞ்சா நீங்கள் கோர்ட்டில சொல்லிப்போடுவியள் எண்டு பயம், மேடம்," என்றார் குணா. "நாளைக்கே என்னைப் பிளேன்ல ஏத்தி ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவினம். அங்க எங்கட வீட்டில ஒருத்தரையும் உயிரோட விடேல்லை. என்னை மட்டும் விடுவினமோ?"

கோர்ட் ஆபீஸ் மூடுகிற நேரம். சுபாஷிணி குணாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எழுந்திருங்க, ஜல்தி! வேதாந்தம் சார், ஓடிப்போய் ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிட்டு வாங்க!"

"எனக்குத்தான் தடை போட்டாச்சேம்மா?"

"எனக்குப் போடலையே! வக்கீல்கிட்டயே உண்மையை மறைச்சு, என்னை அநியாயமா ஜெயிக்க வெச்சுட்டார் இந்த மனுஷன். இவர் மேல நான் போடறேன் சார் கேஸ்!"