முன்னால் போகிறவன்

“காட்டுக்குள்ள ஓட்டறதுக்கா? அப்போ அந்தப் பெரிய வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க மேடம். ரோட்டுல அது ராஜா. மரத்துக்கு நடுவுல விட்டா திருதிருன்னு முழிக்கும்.”

காடுமேடெல்லாம் ஓடும் எண்டியூரோ பைக்குகளை விற்கும் அந்த ஷோரூமின் விற்பனையாளனுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் வெறும் வாய் இல்லை. வாரமெல்லாம் வண்டி விற்பான், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே மாதிரி வண்டியில் காட்டுக்குள் பறப்பான். அவன் பேசும்போது மேனேஜரே குறுக்கே வரமாட்டார்.

வந்திருந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். கழுத்துவரை ஜிப் போட்ட ஜாக்கெட், சேறு காய்ந்த பூட்ஸ், தாடையில் ஒரு பிளாஸ்திரி.

“இப்ப என்கிட்ட இருக்கறதும் பெரிய வண்டிதான் தம்பி. அதுல விழுந்து வாங்கினதுதான் இது” என்று தாடையைத் தொட்டுக் காட்டினார். “எனக்கு முன்னாடி ஒருத்தன் போறான். மாசக்கணக்கா அவன் முதுகைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். பிடிக்க முடியல.”

“ஓ, ரேஸா?”

“அப்படித்தான் வெச்சுக்கங்களேன். இந்தத் தடவையும் அவனைக் கோட்டை விட்டா, என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுடுவாங்க. மேல இருக்கறவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டார்.”

விற்பனையாளனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன் கஸ்டமருக்கே ஒருத்தன் தண்ணி காட்டுவதா?

“விடுங்க மேடம். இனிமே அவனாச்சு, நானாச்சு!”

மூலையில் நின்ற ஒல்லியான இருநூற்று ஐம்பது சிசி வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். ரப்பர் பாய் மேல் அதை அப்படியே சாய்த்துப் படுக்கவைத்தான்.

“தூக்குங்க பார்க்கலாம். காட்டுல விழாம ஓட்டினவன் எவனும் கிடையாது. விழுந்தா தூக்கிவிட ஆள் வராது, நீங்கதான் தூக்கணும்.”

அவர் குனிந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, ஒரே மூச்சில் நிமிர்த்திவிட்டார். அவனுக்கே ஆச்சரியம்.

“அடேயப்பா! பாதி ஜெயிச்சாச்சு. இதுல வேகம் கம்மிதான், ஆனா இழுவை இருக்கு. ஆமை மாதிரி ஊர்ந்தாலும் ஆஃப் ஆகாது. சட்டுனு திரும்பும். சீட் உயரம் கம்மி, ரெண்டு காலும் தரையில எட்டும்.”

“சத்தம்?”

“மெத்துனு போகும். ஆனா எதுக்குக் கேக்கறீங்க?”

“அவன் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள நான் பக்கத்துல இருக்கணும்.”

“ஆஹா! மேடம், நீங்க லேசுப்பட்ட ஆள் இல்ல” என்று கையைத் தட்டினான்.

அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கால் வைத்துப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார். “ஒரே ஒரு சந்தேகம். ஒரு இடத்துல ரெண்டு மரம் ஒட்டினாப்பல நிக்கும். அவன் சர்ருனு நுழைஞ்சு போயிடறான். நான் ரெண்டு பக்கமும் இடிச்சுக்கிட்டு விழறேன். அதெப்படின்னுதான் புரியல.”

விற்பனையாளன் விழுந்து விழுந்து சிரித்தான். “ஹேண்டில்பாரை வெட்டியிருப்பான் மேடம்! ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் அகலம். தொழில் ரகசியம் இது. என் வண்டிலயும் அப்படித்தான் வெட்டி வெச்சிருக்கேன். ஏரிக்குப் பின்னாடி ஒரு காடு இருக்கு பாருங்க, அதுக்குள்ள இதே மாதிரி ரெட்டை மரம். கண்ணை மூடிக்கிட்டு நுழைவேன். இந்த ஊர்ல அதுல நுழையற ஒரே வண்டி நம்ம வண்டிதான்!”

“ஏரிக்குப் பின்னாடியா? அங்க கேட்டைப் பூட்டியிருப்பாங்களே?”

“கேட்டுக்குத்தானே பூட்டு, காட்டுக்கா பூட்டு?”

“மான் குட்டி போடற இடமாச்சே தம்பி...”

“அதெல்லாம் ஓடிடும் மேடம். நம்ம வண்டியை விட அதுங்களுக்கு சஸ்பென்ஷன் நல்லாவே இருக்கு!”

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. வண்டியின் டேங்க்கை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார்.

“சரி தம்பி, இதையே எடுத்துக்கறேன். எனக்கும் அதே மாதிரி ரெண்டு பக்கமும் வெட்டிக் கொடுத்துடுங்க.”

“என் கையாலயே வெட்டித் தர்றேன். எழுதி வெச்சுக்கங்க, அவன் கதை முடிஞ்சுது! ஆனா ஒண்ணு, அவனைப் பிடிச்சதும் எனக்கு ஒரு போன் பண்ணணும். அவன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு நான் தெரிஞ்சுக்கணும்.”

“முதல் தகவல் உங்களுக்குத்தான்.”

அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மேஜைக்குப் பின்னால் போய் கம்ப்யூட்டரைத் தட்டினான். “பில் யார் பேருல போடட்டும் மேடம்?”

“ஆபீஸ் பேருல போடுங்க” என்றபடி அவர் ஜாக்கெட் ஜிப்பை இறக்கினார்.

உள்ளே பச்சைச் சீருடை. சட்டைப் பைக்கு மேல் ‘வனக் காவல் படை’ என்று தைத்திருந்தது. விற்பனையாளனின் விரல் கீபோர்டு மேலேயே நின்றுபோனது.

“பிடிச்சதும் போன் பண்ணச் சொன்னீங்க இல்ல, தம்பி?” என்றார் அவர், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு. “போன் எதுக்கு? எதிர்லயே நிக்கறீங்களே!”