கண் தெரியாத பூதம்

2017 செப்டம்பர் 9, சனிக்கிழமை. தென்னார்க்காட்டில் ஓர் இலங்கை அகதிகள் முகாம். முற்பகல் பதினொரு மணிக்குச் செக்கிங் என்று விடியும்போதே ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

அவள் அப்போதுதான் புடவை கட்டி முடித்திருந்தாள்.

சென்னையில் விழாவும் பதினொரு மணிக்குத்தான். மிகைபுனைவுக் குறுநாவல் போட்டி. முதல் பரிசு அவளுக்கு.

செக்கிங் என்றால் தலை எண்ணுவது. அதிகாரி பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டதும் ஆள் எதிரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் உதவித்தொகை போகும். அரிசி போகும். அந்த ஆள் இங்கே வாழ்கிறான் என்பதற்கான அத்தாட்சியும் போகும்.

வழக்கமாக மாதக் கடைசியில் வரும். இந்த மாதம் முந்திக்கொண்டது.

முகாம் தலைவரிடம் ஓடினாள். அவர் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

“முதலே எழுதிக் குடுத்து அனுமதி எடுத்திருக்கோணும், பிள்ளை. இப்ப நான் என்ன செய்ய?”

அண்ணனும் முன்பொரு முறை இப்படித்தான் அனுமதி இல்லாமல் போயிருந்தான். ஓசூரில் பெயின்ட் அடிக்கும் வேலை. செக்கிங் என்று கேள்விப்பட்டதும் சாரத்திலிருந்து இறங்கி, பெயின்ட் காயாத கையோடு பேருந்து பிடித்தான். வந்து சேர்ந்தபோது அதிகாரியின் ஜீப் போய்விட்டிருந்தது.

நிரூபன் என்ற பெயர் வெட்டப்பட்டது.

மனு மேல் மனு கொடுத்தான். பிறகு கேரளக் கரையிலிருந்து ஒரு படகில் ஏறினான் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் படகு எங்கும் போய்ச் சேரவில்லை. அம்மா புகார் கொடுக்கப் போனாள். பதிவில் இல்லாத ஆளைக் காணவில்லை என்று எப்படி எழுதுவது என்று கேட்டார்கள்.

அதைத்தான் அவள் எழுதினாள்.

ஒரு நகரம். அதன் வாசலில் ஒரு பூதம். பூதம் பெயர் கூப்பிடும். பதில் வராவிட்டால் அந்த ஆள் இல்லாமல் போவான். நடப்பான், கால்தடம் விழாது. அழுவான், பெற்ற தாய்க்கும் கேட்காது.

நடுவர் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார்.

“பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆளையே அழிக்கிறது... எங்கேருந்தும்மா பிடிச்சீங்க? அபாரமான கற்பனை! ஆனா, பூதத்துக்குக் கண்ணு தெரியாதுன்னு வச்சீங்க பாருங்க, அதை மட்டும் நம்ப முடியலை.”

“சரி சார்” என்றாள்.

அதுதான் அவள் கற்பனை செய்தது. அது மட்டும்தான்.

பக்கத்து வீட்டுச் சுஜீவி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

“நீ போடி. உன்ர கதையில சிநேகிதி செய்யிற மாதிரி நான் உனக்கும் சேர்த்து ஓம் எண்டு சொல்லுறன். பூதத்துக்கு எங்க தெரியப்போகுது?”

“கதையிலதான் அதுக்குக் கண் இல்ல. இங்க போட்டோ ஒட்டி வச்சிருக்கு.”

“அந்தப் போட்டோவில நீயும் என்னை மாதிரித்தான் இருக்கிறாய். பேய் மாதிரி.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றது.

அவள் பையைத் தோளில் மாட்டினாள். கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

அம்மா எழுந்து வந்தாள்.

வாசலில் கிடந்த மகளின் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள்.

மெயின் ரோட்டில் பேருந்து ஹார்ன் அடித்தது. ஆள் ஏறும் அளவுக்கு நின்றது. போயிற்று.

பதினொரு மணிக்கு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். புதுப்புடவையில் அவள் ஒருத்திதான்.

“என்னம்மா, கல்யாணமா?” என்றார் அதிகாரி. நல்ல மனிதர். வெயிலில் கிழவர்களை உட்காரச் சொல்லியிருந்தார்.

“இல்ல சார்.”

அவர் விரல் பதிவேட்டில் இறங்கியது. அம்மாவின் பெயரில் நின்றது. அடுத்த வரியில் சிவப்புக் கோடு. விரல் அதைத் தாண்டியது.

“தயாளினி.”

“இருக்கிறேன்.”

அவர் புகைப்படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி புகைப்படத்தைப் பார்த்தார்.

டிக் அடித்தார்.

சென்னையில் மேடையிலிருந்து அந்தப் பெயரை மூன்று முறை அழைத்தார்கள். பிறகு இரண்டாம் பரிசு பெற்றவரை அழைத்தார்கள்.